அவசரப்படாத நஞ்சு

மத்திய ஐரோப்பாவில் செப்டம்பர் மழைக்குப் பின்னர், ஓக், பீச் மரங்களின் இலைகள் பழுத்து உதிரத் தொடங்கும் வேளையில், அதுவரை சருகும் பாசியுமாகக் கிடந்த காட்டுத்தரையில் சில நாள்களுக்குள் காளான்கள் கூட்டங்கூட்டமாக முளைத்துவிடுகின்றன. போலந்திலும் செக் நாட்டிலும் பால்டிக் கரையோர நாடுகளிலும் இப்பருவத்தின் ஓய்வுநாள்களில் குடும்பம் குடும்பமாகக் கூடையும் சிறு கத்தியும் எடுத்துக்கொண்டு காட்டுக்குள் செல்வது வழக்கம். எந்த மரத்தடியில் எது முளைக்கும், எதைப் பறிக்கலாம், எதைத் தொடவே கூடாது என்ற அறிவு அங்கே பள்ளியில் கற்பிக்கப்படுவதைவிடப் பாட்டியின் விரல்நுனியிலிருந்து பேரப்பிள்ளைகளின் கண்ணுக்கு நேராகச் செல்வதே மிகுதி. அந்த அறிவு பெரும்பாலும் சரியானது. ஆனால் ஏறத்தாழ ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் ஏதோவொரு மருத்துவமனையில், ஏதோவொரு குடும்பம், நாற்பது ஆண்டுகளாகக் காளான் பறித்துப் பழகிய ஒருவரின் கூடையிலிருந்து உண்டு படுக்கையில் கிடக்கிறது. அனுபவம் இவ்வளவு இருந்தும் ஏன் தவறுகிறது என்ற கேள்விக்கு விடை காளானின் வடிவத்தில் இருப்பதைவிட அதன் நஞ்சு எடுத்துக்கொள்ளும் கால அளவில்தான் மிகுதியாக இருக்கிறது.

கண்ணுக்குத் தெரியும் காளான் முழு உயிரியன்று. மண்ணுக்கடியில் ஆண்டுக்கணக்கில் பரந்து வாழும் மெல்லிய இழைகளின் வலையே அந்த உயிரி. மேலே தலைநீட்டும் குடை, மரத்துக்குப் பழம்போல, வித்துகளைப் பரப்புவதற்காகச் சில நாள் மட்டும் வெளிப்படும் உறுப்பு. காட்டுக் காளான்களில் பல, மரங்களின் நுனிவேர்களை உறைபோலச் சூழ்ந்துகொண்டு, மண்ணிலிருந்து நீரையும் தாதுக்களையும் மரத்துக்குத் தந்து, மரம் ஒளியால் ஆக்கிய சர்க்கரையைக் கைம்மாறாகப் பெறுகின்றன. நிலத்தடியில் விளையும் விலையுயர்ந்த டிரஃபிள் காளானைப் பயிரிட வழியுண்டா என்று கண்டறியும்படி பிரஷ்ய அரசு கேட்டுக்கொண்டதன்பேரில் ஆராயப் புகுந்த தாவரவியலாளர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்டு ஃபிராங்க், 1885இல் இந்தக் கூட்டுவாழ்வை விளக்கி அதற்கு ‘மைக்கோரைசா’, அதாவது பூஞ்சைவேர், என்று பெயரிட்டார். டிரஃபிள் பயிர்செய்யும் வித்தை அவருக்குக் கைகூடவில்லை என்றாலும், காட்டைப் பற்றிய மனிதரின் எண்ணத்தையே மாற்றிய கண்டுபிடிப்பு அந்தத் தோல்வியின் வழியே வந்து சேர்ந்தது. இந்தக் கூட்டு இங்கே குறிப்பிடப்படுவதற்குக் காரணம் உண்டு: உலகிலேயே மிகுதியான உயிர்களைப் பறித்த காளானும் அப்படி மரத்தோடு ஒட்டி வாழ்வதுதான், மரம் போகுமிடமெல்லாம் அதுவும் போகும்.

அமானிட்டா ஃபாலாய்டஸ் என்பது அதன் அறிவியல் பெயர். ஆங்கிலேயர் ‘டெத் கேப்’ என்பர். மரணக் குல்லாய் என்று தமிழாக்கலாம். காளான் நஞ்சால் உலகெங்கும் நேரும் இறப்புகளில் பத்தில் ஒன்பது பங்கு இந்த ஒரு காளானாலும் இதே வகை நஞ்சைக் கொண்ட அதன் நெருங்கிய உறவுகளாலும் நேர்வதாகக் கணக்கிடப்படுகிறது. இத்தனை கொடியதற்கு எச்சரிக்கும் நிறமோ அருவருக்கத்தக்க மணமோ இல்லை. ஆலிவ் காயின் மங்கிய பச்சை படர்ந்த, பட்டுப்போல மினுங்கும் குடை. குடையின் அடியில் தூய வெள்ளைத் தகடுகள். தண்டின் மேற்பகுதியில் பாவாடைபோலத் தொங்கும் மெல்லிய வளையம். தண்டின் அடியில், முளைக்கும்போது முட்டையோடுபோல மூடியிருந்த சவ்வு கிழிந்து எஞ்சிய கிண்ணம் போன்ற உறை. இந்த உறைதான் முதன்மையான அடையாளம்; ஆனால் அது சருகுக்கும் மண்ணுக்கும் கீழே புதைந்திருப்பதால், தண்டை நடுவில் கத்தியால் நறுக்கி எடுப்பவருடைய கூடைக்கு அது வந்து சேர்வதேயில்லை. இளங்காளானுக்குத் தேன்போன்ற மெல்லிய மணம் உண்டு. உண்டு பிழைத்தவர்கள் பலர் அதன் சுவையைப் பாராட்டியிருக்கிறார்கள் என்பது மருத்துவ ஏடுகளில் திரும்பத் திரும்பப் பதிவான செய்தி.

உண்டபின் நேர்வதன் வரிசைதான் இக்காளானை மற்ற நஞ்சுகளிலிருந்து பிரித்துக் காட்டுகிறது. இரவு உணவில் சேர்த்து உண்டவர் அன்றிரவு நன்றாகத் தூங்குகிறார். ஆறு மணி நேரமோ பன்னிரண்டு மணி நேரமோ, சிலருக்கு அதற்கும் மேலோ கழிந்தபின்புதான் கடும் வயிற்றுவலியும் வாந்தியும் பேதியும் தொடங்குகின்றன. அந்நேரத்தில் நஞ்சு குடலைக் கடந்து கல்லீரலுக்குள் சென்றுவிட்டது. ஒரு நாள் அளவில் வயிற்றுக் கோளாறு தணிகிறது. நோயாளி எழுந்து உட்கார்ந்து பேசுகிறார், பசிக்கிறது என்கிறார், உணவு ஒவ்வாமை என்று எண்ணிய குடும்பத்தார் நிம்மதியடைகிறார்கள், மருத்துவமனைக்கு வந்தவரே வீடு திரும்பிவிடுவதும் உண்டு. மூன்றாம் நாள் அளவில் கண்கள் மஞ்சளாகின்றன, இரத்தம் உறையும் தன்மையை இழக்கிறது, நினைவு தடுமாறுகிறது. அந்த இடைக்கால நலம் உண்மையான நலமன்று என்பதையும், அது நீடித்த நேரமெல்லாம் கல்லீரலின் உயிரணுக்கள் ஓசையின்றி மடிந்துகொண்டிருந்தன என்பதையும் அப்போது இரத்தப் பரிசோதனை காட்டுகிறது.

இந்தத் தாமதத்துக்குக் காரணம் நஞ்சு செயல்படும் முறையிலேயே இருக்கிறது. ஆல்ஃபா அமானிட்டின் என்பது எட்டு அமினோ அமிலங்கள் வளையமாகப் பிணைந்து, நடுவே ஒரு குறுக்குப் பாலத்தால் இறுக்கப்பட்ட சிறு பெப்டைடு. கொதிக்கும் நீரோ பொரிக்கும் எண்ணெயோ உறைபனியோ வெயிலில் உலர்த்துவதோ அதைக் குலைப்பதில்லை, செரிமான நொதிகளாலும் அதை அறுக்க முடிவதில்லை. உயிரணுவின் உட்கருவில் மரபணுச் செய்தியைப் படித்துத் தூது ஆர்.என்.ஏ.வாக எழுதித் தரும் நொதி ஒன்றுண்டு, ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் 2 என்று அதற்குப் பெயர். அமானிட்டின் அந்த நொதியின் நகரும் பகுதியில் ஆப்புப்போலச் செருகிக்கொள்கிறது. உயிரணு உடனே சாவதில்லை. ஏற்கெனவே எழுதி வைத்த செய்திகளும் முன்பே உருவாக்கிய புரதங்களும் கையிருப்பில் உள்ளவரை, வருமானம் நின்றுபோன வீடு பத்தாயத்து நெல்லைக்கொண்டு சில நாள் ஓடுவதுபோல, வழக்கம்போலவே இயங்குகிறது. இருப்பு தீர்ந்த பின்புதான் எல்லாம் ஒன்றாகச் சரிகின்றன. கல்லீரல் பித்தநீரோடு வெளியேற்றும் நஞ்சைக் குடல் மீண்டும் உறிஞ்சிக் கல்லீரலுக்கே திருப்பி அனுப்புவதால், ஒரே நஞ்சு பலமுறை தாக்குகிறது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் போதும். வளர்ந்த ஒரு காளானிலேயே ஒரு மனிதரைக் கொல்லும் அளவு இருக்கக்கூடும்.

இந்தக் காளானின் நஞ்சுகளைப் பிரித்தெடுத்த வரலாறு மியூனிக் நகரில் ஒரே குடும்பத்தைச் சுற்றி நடந்தது. 1927ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு பெற்ற ஹைன்ரிஷ் வீலாண்டின் ஆய்வகத்தில், பின்னாளில் தாமும் நோபல் பெற்றவரும் வீலாண்டின் மருமகனுமான ஃபியோடர் லைனன், உல்ரிஷ் வீலாண்டோடு சேர்ந்து 1937இல் ஃபாலாய்டின் என்ற நஞ்சைப் படிகமாகப் பிரித்தார்; அமானிட்டின் 1941இல் பிரிக்கப்பட்டது; ஹைன்ரிஷின் மகன் தியோடர் வீலாண்டு தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இவற்றின் அமைப்பை அறிவதில் செலவிட்டார். முதலில் கிடைத்த ஃபாலாய்டின் குடல்வழியே உடலுக்குள் ஏறுவதில்லை என்பதால் உண்டவரைக் கொல்வது அதுவன்று என்பது பின்னரே தெளிந்தது. எனினும் உயிரணுவின் உட்சட்டகமான ஆக்டின் இழைகளை அது இறுகப் பற்றிக்கொள்வதால், ஒளிரும் சாயத்தோடு இணைத்து அந்த இழைகளை நுண்ணோக்கியில் காண்பதற்கு உலகெங்கும் உள்ள ஆய்வகங்கள் இன்று அதைப் பயன்படுத்துகின்றன. பாலிமரேஸில் அமானிட்டின் செருகியிருக்கும் நிலையை 2002இல் படமாக்கிய குழுவுக்குத் தலைமை வகித்த ரோஜர் கோர்ன்பெர்க், மரபணுச் செய்தி படியெடுக்கப்படும் முறையை விளக்கியதற்காக 2006இல் நோபல் பெற்றார்.

தாமதத்தை அளவுகோலாகக் கொண்டால் பழைய வரலாற்றுப் புதிர்களும் சற்றே தெளிகின்றன. உரோமைப் பேரரசர் கிளாடியஸ் கி.பி. 54 அக்டோபர் 13இல் இறந்ததற்கு அவருடைய மனைவி அக்ரிப்பினா கொடுத்த காளான் உணவே காரணம் என்று பண்டைய எழுத்தாளர்கள் எழுதினர். அவர் விரும்பி உண்டது அதே அமானிட்டா பேரினத்தைச் சேர்ந்த, செம்மஞ்சள் குடையுள்ள, ‘சீசர் காளான்’ என்று இன்று அழைக்கப்படும் நல்ல காளான் என்றும், அதில் நஞ்சு கலக்கப்பட்டது என்றும் கூறப்படுகிறது. ஆனால் உணவுக்கும் இறப்புக்கும் இடையே சில மணி நேரமே கழிந்ததாக அக்கதைகள் சொல்வது மரணக் குல்லாயின் நடைக்குப் பொருந்தவில்லை. காளான் உணவு பயனளிக்காததால் மருத்துவர் நஞ்சு தோய்ந்த இறகைத் தொண்டைக்குள் செலுத்தினார் என்று வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் சேர்த்திருப்பதும் இதனோடு வைத்து எண்ணத்தக்கது. புனித உரோமப் பேரரசர் ஆறாம் சார்லஸ் விஷயமோ வேறு. 1740 அக்டோபரில் வேட்டைக்குச் சென்று திரும்பியவர் காளான் உணவுக்குப் பின் நோயுற்று, நடுவே தேறியதுபோலத் தோன்றி, ஏறத்தாழப் பத்து நாள் கிடந்து அக்டோபர் 20இல் வியன்னாவில் இறந்தார். இந்தக் கால அளவு அமானிட்டினுக்கு ஏற்றதாகவே இருக்கிறது, இத்தனை நூற்றாண்டு கழித்து உறுதிப்படுத்த வழியில்லை என்றாலும். ஆண் வாரிசு இல்லாத அவருக்குப்பின் மகள் மரியா தெரசா அரியணை ஏற, டிசம்பரிலேயே பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக் சைலீசியாவுக்குள் படையோடு புகுந்தார்; அதிலிருந்து மூண்ட ஆஸ்திரிய வாரிசுரிமைப் போர் 1748 வரை நீடித்தது.

மணிக்கணக்கில் தாமதிக்கும் நஞ்சே இவ்வளவு ஏமாற்றும் என்றால், நாள்கணக்கில் தாமதிப்பதைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. 1950களின் தொடக்கத்தில் போலந்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் சிறுநீரகம் செயலிழந்து நோயுற்று, அவர்களுள் 11 பேர் இறந்தனர். தொற்றுநோயா, வேறு நஞ்சா என்று தேடியபோது எந்தப் பொதுக் காரணமும் அகப்படவில்லை. ஸ்டானிஸ்லாவ் கிஷிமாலா என்ற மருத்துவர், நோயாளிகள் அனைவரும் பல நாள்களுக்கு முன் செம்பழுப்பு நிறமான கார்ட்டினேரியஸ் ஒரெல்லானஸ் என்ற காளானை உண்டிருந்ததைக் கண்டுபிடித்தார். அதுவரை நஞ்சற்றதாகக் கருதப்பட்ட காளான் அது. உண்டதற்கும் முதல் அறிகுறிக்கும் இடையே இரண்டு மூன்று நாள்கள் முதல் இரண்டு மூன்று வாரங்கள் வரை கழிவதால், முந்திய வாரத்து உணவை யாரும் இந்த வாரத்து நோயோடு இணைத்துப் பார்த்ததில்லை. அதிலுள்ள ஒரெல்லானின் என்ற நஞ்சின் வேதியமைப்பு, தமிழகத்து விவசாயிகளும் அறிந்த பாராகுவாட் களைக்கொல்லியின் அமைப்பை ஒத்திருப்பது பின்னர் தெரியவந்தது. இந்த இனத்தின் நெருங்கிய உறவான கார்ட்டினேரியஸ் ருபெல்லஸ் 2008இல் ஸ்காட்லாந்தில் ஆங்கில நாவலாசிரியர் நிக்கலஸ் எவன்ஸின் தட்டுக்கு வந்தது. உணவருந்திய நால்வரும் நோயுற்றனர். எவன்ஸ் மூன்றாண்டு காலம் இரத்தச் சுத்திகரிப்பில் கழித்தபின், 2011இல் அவருடைய மகளின் சிறுநீரகம் அவருக்குப் பொருத்தப்பட்டது.

இதற்கும் அடுத்த படி, ஆண்டுக்கணக்கில் பொறுத்திருக்கும் காளான். பாக்சில்லஸ் இன்வொலூட்டஸ் என்னும், குடையின் விளிம்பு உள்நோக்கிச் சுருண்ட, பழுப்பு நிறக் காளானைக் கிழக்கு ஐரோப்பாவில் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நன்கு வேகவைத்து உண்டுவந்தனர்; பச்சையாக உண்டால் வயிற்றைக் கெடுக்கும், வேகவைத்தால் ஒன்றும் செய்யாது என்பது கிராமங்களின் முடிவு. ரஸ்ஸுலா என்ற காளான் பேரினத்தில் அக்காலத்தின் பெரும் வல்லுநராக விளங்கிய ஜெர்மானியர் ஜூலியஸ் ஷேஃபர் 1944 அக்டோபரில் இதை உண்டு, 17 நாள்களுக்குப் பின் இறந்தார். காளானியலாளர் ஒருவர் காளானால் இறந்ததற்குப் பதிவான சான்றாக அவருடைய பெயரே எல்லா நூல்களிலும் சொல்லப்படுகிறது. நஞ்சு என்ற சொல்லின் வழக்கமான பொருளில் இங்கே நஞ்சு எதுவும் இல்லை: காளானிலுள்ள ஒரு பொருளை உடலின் நோயெதிர்ப்பு அமைப்பு பகையாக அடையாளம் கண்டு எதிர்ப்பொருள்களை உருவாக்கிக்கொள்கிறது, பின்னர் ஒருநாள் மீண்டும் உண்ணும்போது, இரண்டும் இணைந்த கூட்டுகள் இரத்தச் சிவப்பணுக்களில் ஒட்டி அவற்றை உடைக்கின்றன, உடைந்த அணுக்களின் சிதைவு சிறுநீரகத்தை அடைக்கிறது. ஆக, பலமுறை உண்டும் ஒன்றும் ஆகவில்லை என்பது பாதுகாப்புக்குச் சான்றாவதற்குப் பதிலாக ஆபத்துக்கான முன்னேற்பாடாகவே அமைந்துவிடுகிறது. பட்டறிவு என்ற சொல்லுக்கே இதைவிடப் பெரிய ஏளனம் இருக்க முடியாது.

ஒரு சமூகம் முழுவதற்குமான அனுபவமும் இவ்வாறு தவறக்கூடும். பிரான்சின் தென்மேற்கில், போர்தோ நகருக்கு அப்பால் அட்லாண்டிக் கரையோரப் பைன் காடுகளின் மணலில் முளைக்கும் டிரிகோலோமா எக்வெஸ்ட்ரே என்ற மஞ்சள் காளான் நூற்றாண்டுகளாக விரும்பி உண்ணப்பட்டும் சந்தையில் விற்கப்பட்டும் வந்தது. அதை அடுத்தடுத்த வேளைகளில் மிகுதியாக உண்ட 12 பேருக்குத் தசைநார்கள் சிதைந்துபோனதையும் அவர்களுள் மூவர் இறந்ததையும் பிரெஞ்சு மருத்துவர்கள் 2001இல் வெளியிட்டனர். அதன்பின் பிரான்சில் அதன் விற்பனை தடைசெய்யப்பட்டது. ஜப்பானின் வடமேற்குப் பகுதியில் ஊசியிலை மரங்களின் பட்டுப்போன அடிக்கட்டைகளில் வெண்சிறகுபோல வளரும் சுகிஹிராதாகே என்ற காளானும் அப்படியே. மிசோ சாறில் இட்டுத் தலைமுறை தலைமுறையாக உண்ணப்பட்ட அது, 2004 இலையுதிர்காலத்தில் 59 பேருக்கு மூளைப் பாதிப்பை உண்டாக்கி, அவர்களுள் 17 பேர் இறந்தனர். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே சிறுநீரக நோயுடையவர்கள். இத்தகைய மூளைநோய்களை அரசுக்கு அறிவிக்கவேண்டும் என்ற விதி அதற்குச் சற்று முன்புதான் நடைமுறைக்கு வந்தது என்பதால், முந்திய ஆண்டுகளின் இறப்புகள் வேறு பெயர்களில் பதிவாகி மறைந்திருக்கலாம் என்ற கருத்தும் ஆய்வாளர்களிடையே எழுந்தது.

இவற்றோடு ஒப்பிட்டால், குழந்தைகளின் கதைப்புத்தகங்களில் நச்சுக்காளான் என்றாலே வரையப்படும் அந்தச் சிவப்புக் குடையும் வெள்ளைப் புள்ளிகளும் கொண்ட அமானிட்டா மஸ்காரியா நேர்மையானது என்றே சொல்லவேண்டும். பிர்ச் மரத்தடியில் தொலைவிலிருந்தே கண்ணைப் பறிக்கும் அது, பாலில் நறுக்கிப் போட்டு ஈக்களை மயக்கப் பயன்பட்டதால் ஈக்காளான் என்று பெயர் பெற்றது. உண்டவரை இரண்டு மணி நேரத்துக்குள் தலைசுற்றலிலும் குழப்பத்திலும் மயக்கத்திலும் தள்ளினாலும், பெரியவர்களைக் கொல்வது அரிது. 1869இல் அதிலிருந்து பிரிக்கப்பட்ட மஸ்கரின் என்ற பொருள் அதில் மிகச் சிறிதளவே உண்டு என்றாலும், நரம்பியல் பாடநூல்களில் ஒருவகை நரம்பு ஏற்பிகளுக்கே அதன் பெயர் நிலைத்துவிட்டது. உரக்க எச்சரிப்பது குறைவாகக் கொல்வதும், பேசாமல் நிற்பது மிகுதியாகக் கொல்வதுமான இந்த முரணால்தான் நிறத்தைக்கொண்டு தீர்ப்பு வழங்கும் எல்லா விதிகளும் பொய்க்கின்றன.

அந்த விதிகள் நாட்டுக்கு நாடு ஒன்றுபோலவே இருப்பது வியப்புக்குரியது. காளான் வேகும் சட்டியில் வெள்ளிக் கரண்டியை இட்டால் நஞ்சிருந்தால் கறுக்கும் என்பர். வெங்காயமோ பூண்டோ நிறம் மாறும் என்பர். தோல் எளிதில் உரிந்தால் நல்லது, நத்தை கடித்திருந்தால் நல்லது என்பர். அமானிட்டினுக்கு வெள்ளியோடு எந்த வேதிவினையும் இல்லை. இலைநத்தைகள் மரணக் குல்லாயை நிம்மதியாக மேய்கின்றன. முயல்கள் உண்டும் பிழைக்கின்றன. முயலின் இந்தத் தாங்குதிறனை நம்பி, நோயாளிகளுக்கு முயலின் மூளையையும் இரைப்பையையும் பச்சையாக அரைத்து ஊட்டும் மருத்துவம்கூடப் பிரான்சில் 1930களில் பரிந்துரைக்கப்பட்டது.

மரத்தோடு ஒட்டிய உயிரி மரத்தோடு கப்பலேறும் என்று முன்னர் குறிப்பிடப்பட்டது. ஐரோப்பிய மரக்கன்றுகளின் வேர்மண்ணோடு கலிஃபோர்னியாவுக்குச் சென்ற மரணக் குல்லாய், அங்குள்ள உள்நாட்டு ஓக் மரங்களையும் துணையாக ஏற்றுக்கொண்டு கடற்கரைக் காடுகளில் பரவிவிட்டது. ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பராவில் தெருவோரங்களுக்கு அழகூட்ட நடப்பட்ட ஐரோப்பிய ஓக் மரங்களின் கீழே, அந்நாட்டின் இலையுதிர்காலமான மார்ச் முதல் மே வரையிலும், மழை பெய்தால் கோடையிலும்கூட, அது முளைக்கிறது. 2011ஆம் ஆண்டின் கடைசி இரவில் அங்கே நடந்த விருந்தொன்றில் அதை உண்ட இருவர் இறந்தனர். சமைத்தவர் சீனாவிலிருந்து வந்த சமையற்கலைஞர். அவர் அறியாமையால் தவறினார் என்று சொல்வது சரியாகாது. அவருடைய அறிவு வேறு மண்ணுக்கு உரியது. ஆசியாவில் விரும்பி உண்ணப்படும் வைக்கோல் காளான், குடை விரிவதற்கு முன் முட்டை வடிவில் இருக்கும்போதே பறிக்கப்படுவது; அதற்கும் தண்டின் அடியில் கிண்ணம் போன்ற உறை உண்டு; இளம் மரணக் குல்லாயோடு பக்கத்தில் வைத்தால் பிரித்தறிவது கடினம். வெட்டவெளியில் வைக்கோல் படுக்கையில் வளர்வதா, மரத்தடியில் மண்ணிலிருந்து முளைப்பதா என்பதும், முதிர்ந்த பின் வித்துத்தூள் இளஞ்சிவப்பா வெள்ளையா என்பதுமே நம்பத்தக்க வேறுபாடுகள்.

இந்தக் குழப்பம் தமிழ் வாசகருக்குத் தொலைவானதன்று. இந்தியாவில் வைக்கோல் காளான் வளர்ப்பின் தொடக்ககால முயற்சிகள் 1940களில் கோயம்புத்தூரில் நடந்தவை. தமிழர்களுக்குப் பழக்கமான அந்தக் காளானின் முட்டையுருவம் கலிஃபோர்னியாவின் பூங்காவிலோ மெல்பர்னின் ஓக் மரத்தடியிலோ கண்ணில் பட்டால் நாவில் ஊறுவது ஊர் நினைவு. ஆனால் தரையில் இருப்பது வேறு. 2015 செப்டம்பரில் ஜெர்மனிக்கு வந்து சேர்ந்த அகதிகள் பலர் தங்கள் நாட்டில் உண்டு பழகியதாகக் கருதி மரணக் குல்லாயைப் பறித்து நோயுற்றபோது, ஹனோவர் மருத்துவக் கல்லூரி அரபு, குர்து உள்ளிட்ட மொழிகளில் எச்சரிக்கைச் சுவரொட்டிகளை அச்சிட வேண்டியதாயிற்று. பறித்தல் பற்றிய அறிவு மொழியைப்போல வட்டாரத்துக்குக் கட்டுப்பட்டது; எல்லை தாண்டும்போது அதே சொல் வேறு பொருள் தரத் தொடங்கிவிடுகிறது.

மருத்துவத்தின் கதை நெடுங்காலம் நம்பிக்கையும் துணிச்சலும் கலந்த கதையாகவே இருந்தது. பிரான்சின் வோஜ் மலைப்பகுதி மருத்துவரான பியேர் பாஸ்தியேன், வைட்டமின் சி ஊசியும் குடல் கிருமிகளை அடக்கும் மருந்துகளும் சேர்ந்த தம் சிகிச்சைமுறையை மெய்ப்பிக்க, 1970களிலும் மீண்டும் 1981இலும் பிறர் முன்னிலையில் மரணக் குல்லாயைச் சமைத்து உண்டு காட்டிப் பிழைத்தார்; அவருடைய துணிவு பாராட்டப்பட்ட அளவுக்கு அவருடைய முறை நிலைக்கவில்லை. பால்நெருஞ்சில் என்னும் ஐரோப்பிய முட்செடியின் விதையிலிருந்து எடுக்கப்படும் சிலிபினின், அமானிட்டின் கல்லீரல் அணுவுக்குள் நுழையும் வாயிலை மறிப்பதால் ஊசிவழியே செலுத்தப்படுகிறது; இழந்த நீரை உடனே ஈடுசெய்தலும் தீவிரக் கண்காணிப்பும், முடிவில் கல்லீரல் மாற்று அறுவையும் சேர்ந்து, முன்பு பாதிக்கும் மேற்பட்டோர் இறந்த நிலையை இன்று பத்தில் ஒருவர் அல்லது இருவர் என்ற அளவுக்குக் குறைத்திருக்கின்றன. நஞ்சு உயிரணுவைக் கொல்வதற்கு உயிரணுவின் எந்தெந்த மரபணுக்களின் ஒத்துழைப்பு தேவைப்படுகிறது என்று கிறிஸ்பர் என்னும் மரபணு வெட்டும் நுட்பத்தால் ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்த சீனாவின் குவாங்ஜோ ஆய்வாளர்கள், எஸ்.டி.டி.3பி. என்ற புரதத்தை 2023இல் சுட்டிக்காட்டினர். அதைத் தடுக்கும் பொருளாக அவர்கள் கண்டது, கண் மருத்துவத்தில் இரத்தநாளங்களைப் படமெடுக்கப் பல பத்தாண்டுகளாகப் பயன்பட்டுவரும் இண்டோசயனின் கிரீன் என்ற பச்சைச் சாயம். எலிகளிடம் அது பலனளித்தது, ஆனால் நஞ்சு உட்சென்ற சில மணி நேரத்துக்குள் கொடுத்தால் மட்டுமே. மீண்டும் அதே தாமதம்தான் குறுக்கே நிற்கிறது.

அந்த நஞ்சையே பயனாக்கும் முயற்சியும் நடைபெறுகிறது. வழக்கமான புற்றுநோய் மருந்துகள் பெருகிக்கொண்டிருக்கும் அணுக்களைத்தான் தாக்கும். அமானிட்டினோ செய்தி எழுதும் நொதியையே முடக்குவதால் உறங்கிக்கிடக்கும் அணுக்களையும் விடுவதில்லை. அதை எதிர்ப்பொருளோடு பிணைத்துப் புற்று அணுவுக்குள் மட்டும் இறக்கும் மருந்தொன்றை, எலும்புமச்சைப் புற்றுநோயான மல்டிபிள் மயலோமா நோயாளிகளுக்கு 2022 முதல் ஹைடல்பெர்க் நகருக்கு அருகிலுள்ள நிறுவனம் ஒன்று சோதித்து வருகிறது. தியோடர் வீலாண்டு பல ஆண்டுகள் பணியாற்றியதும் அந்த ஹைடல்பெர்க் நகரில்தான்.

ஆனால் காட்டிலிருந்து வீட்டுக்கு வரும் கூடைக்குச் சாயமும் மருந்தும் உதவா. அங்கே தேவைப்படுவது பெயர் சொல்லத் தெரிந்த ஒரு கண். சுவிட்சர்லாந்து இதை பொதுச்சேவைகளுள் ஒன்றாகவே கருதுகிறது: பருவகாலத்தில் பல ஊர்களில் இயங்கும் காளான் சோதனைச் சாவடிகளில் பறித்துவந்தவர் கூடையைக் கொட்ட, பயிற்சி பெற்ற சோதகர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து நல்லவற்றைத் திருப்பித் தருகிறார், இந்தச் சோதகர்களுக்கான அமைப்பு 1925இலேயே தொடங்கப்பட்டது. பிரான்சில் மருந்தாளுநர் படிப்பிலேயே காளான் அறிமுகம் உண்டு என்பதால் மருந்துக் கடைக்குக் கூடையோடு செல்வது பழைய வழக்கம். போலந்தில் பொதுச்சுகாதார நிலையங்கள் கட்டணமின்றிப் பார்த்துச் சொல்கின்றன. எல்லா இடத்திலும் சோதகர்கள் கேட்பது ஒன்றுதான்: நறுக்கிக் கழுவிக் கொண்டுவராமல், அடி உறையோடும் ஒட்டிய மண்ணோடும் முழுதாகத் தோண்டிக் கொண்டுவரவேண்டும்.

காளான் வயிற்றுக்குள் போன பின்பு அழைக்கப்படும்போது அந்த வசதி இருப்பதில்லை. சட்டியில் எஞ்சியதும் குப்பைக்கூடையில் கிடக்கும் தண்டின் தோலும் நோயாளியின் வாந்தியுமே சான்றுகள். நள்ளிரவில் மருத்துவமனைக்கு வரும் காளான் வல்லுநர் அவற்றில் வித்துகளைத் தேடி நுண்ணோக்கியில் வைத்து அயோடின் கலந்த கரைசலை விடுகிறார். மரணக் குல்லாயின் வித்து நீலச்சாம்பல் நிறம் ஏற்கும். நஞ்சையே நேரடியாகக் காட்டும் எளிய சோதனையும் ஒன்றுண்டு. செய்தித்தாளின் அச்சில்லாத ஓரத்தில் காளான் சாற்றை ஒரு சொட்டுப் பிழிந்து, சூடுகாட்டாமல் உலரவிட்டு, அதன்மேல் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு வைத்தால், மலிவான அச்சுத்தாளில் நீக்கப்படாமல் இருக்கும் லிக்னின் என்ற மரப்பொருளோடு அமானிட்டின் வினைபுரிந்து அவ்விடம் மெல்ல நீலமாகிறது. வேறு சில காளான்களுக்கும் அது நீலம் காட்டிவிடும் என்பதாலும், நஞ்சு குறைவாயிருந்தால் காட்டாமலே விட்டுவிடும் என்பதாலும், சமையலறைக்கு ஏற்ற சோதனை அன்று. ஆய்வகத்திலும் முதற்குறிப்பாக மட்டுமே கொள்ளப்படுகிறது. உயர்ந்த வெள்ளைத்தாளில் நிறமே எழாது. அந்த நீலம் தோன்றவும் சில நிமிடங்கள் காத்திருக்கவேண்டும்.